அடித்தட்டில் இருந்த குரல்

என் மேலாளருக்கு நான் வைத்திருக்கும் பெயர் அட்ஜஸ்ட். அவர் காதுக்கும் அது போயிருக்கும். போகட்டும். எந்தப் பிரச்சினையோடு போய் நின்றாலும் அவர் வாயில் முதலில் வருவது "அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்மா" என்பதுதான். ஏசி ஓடவில்லையா, அட்ஜஸ்ட். ஆள் பற்றவில்லையா, அட்ஜஸ்ட். டிஸ்க் நிரம்பி வழிகிறது சார், இனி ஒரு ஊசி குத்தக்கூட இடமில்லை சார் என்று நான் கத்திய அன்றும் அதையேதான் சொன்னார். அந்த அட்ஜஸ்டில்தான் என் அக்காவின் குரலும் மாட்டிக்கொண்டது.

நான் பார்ப்பது ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்டோரேஜ் வேலை. கட்டடத்தின் அடித்தளத்தில், சலவை அறைக்கும் ஆக்சிஜன் சிலிண்டர்கள் வைக்கும் அறைக்கும் நடுவில் எனக்கொரு அறை. அங்கே ஆள் உயரத்துக்கு ஓர் இரும்பு அலமாரி, அது நிறைய டிஸ்குகள். ஒவ்வொன்றின் நெற்றியிலும் ஒரு பச்சை விளக்கு. மேல்மாடிகளில் எடுக்கிற எக்ஸ்ரே, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, டாக்டர்கள் அடிக்கிற குறிப்பு என்று எல்லாம் கடைசியில் இங்கேதான் வந்து சேரும். உள்ளே எப்போதும் குளிர், எப்போதும் இரைச்சல். கொளுத்தும் வெயிலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நான் சாப்பிடப் போவதைப் பார்த்து நர்சுகள் சிரிப்பார்கள்.

அலமாரியில் மூன்று தட்டு. மேல்தட்டு வேகமான டிஸ்குகள். அதில் எழுதுவதெல்லாம் ஜோடி ஜோடியாக எழுதப்படும். ஒன்று செத்தால் இன்னொன்று இருக்கும். நடுத்தட்டு கொஞ்சம் மெதுவானது. அடித்தட்டில் இருப்பவை பெரிய, மந்தமான, வயதான டிஸ்குகள். புதிதாக எது வந்தாலும் மேல்தட்டில் இறங்கும். யாரும் திறக்காமல் கிடந்தால் தானாகவே நடுத்தட்டுக்கு நகரும். அங்கேயும் சீந்துவாரில்லை என்றால் அடித்தட்டுக்குப் போய்விடும். வீட்டில் நாம் செய்வதுதான் இது. தினம் புழங்கும் டம்ளர் கைக்கெட்டும் இடத்தில் இருக்கும், எப்போதாவது எடுக்கும் பெரிய பாத்திரம் பரணில் கிடக்கும். என்ன ஒன்று, வீட்டில் ஒரு மனுஷி யோசித்து வைக்கிறாள். இங்கே இயந்திரம் வைக்கிறது. எது முக்கியம் என்று அதற்குத் தெரியாது, எதைத் தொடுகிறார்கள் என்று மட்டும்தான் தெரியும்.

என் அக்கா துணிக்கடையில் விற்பனைக்கு நின்றவள். வாய் என்றால் வாய், அப்படி ஒரு வாய். கைக்குட்டை வாங்க வந்தவரை ஜன்னலுக்குத் திரைத்துணி வாங்க வைத்து அனுப்புவாள். அவரும் சிரித்துக்கொண்டே போவார். சின்ன வயதில் நானும் அவளும் சண்டை போட்டால் நான் ஒரு வார்த்தை சொல்லி முடிப்பதற்குள் அவள் பத்து சொல்லியிருப்பாள். "கொஞ்சம் வாய மூடுக்கா" என்று நான் சொல்லாத நாள் இல்லை.

மாமாவுக்கு, அதாவது அக்கா புருஷனுக்கு, பிறவியிலேயே பார்வை கிடையாது. ஒரு கம்பெனியில் டெலிபோன் ஆபரேட்டர். ஒருதரம் கேட்ட குரலை மறக்க மாட்டார். அக்காவை அவர் பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. வாயாடி என்பார். "ஏய் வாயாடி, தண்ணி கொண்டா." அவள், "ஏங்க, உங்களுக்குக் கையில்லையா காலில்லையா, எந்திரிச்சுப் போய் எடுத்துக்குங்க" என்று சொல்லிக்கொண்டே கொண்டுவந்து கொடுப்பாள். தெருவில் போகும்போது அவர் கை அவள் தோளில் இருக்கும், அவள் வாய் ஓயாது. இங்க பள்ளம், இங்க படி, எதிர்ல வர்றவர் போட்டிருக்கிற சட்டையக் கண்கொண்டு பார்க்க முடியல, நீங்க குடுத்து வச்சவங்க. இப்படியே பேசி ஊரைச் சுற்றிக் காட்டிவிடுவாள். "எல்லாரும் இவ மூஞ்சியப் பார்க்கறாங்க, எனக்கு இவ தொண்டைதான் மூஞ்சி" என்று மாமா ஒருதரம் சொன்னார். அதற்கும் அவள் ஏதோ பதில் வைத்திருந்தாள்.

அந்தத் தொண்டையில்தான் கட்டி வந்தது.

எங்கள் ஆஸ்பத்திரியிலேயே காட்டினோம். குரல்வளையை எடுத்தால் உயிர் தங்கும், எடுக்காவிட்டால் தங்காது என்று டாக்டர் சொன்னார். எடுத்துவிட்டால் பேச்சு வராது, கழுத்தில் ஒரு துளை போட்டு அதன் வழியாகத்தான் மூச்சு. அக்கா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அவள் பேசாமல் இருந்ததை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். பிறகு, "எடுங்க டாக்டர், என் தங்கச்சி ரொம்ப நாளா வாய மூடச் சொல்லிக்கிட்டிருக்கா" என்றாள். எனக்கு அவளை அங்கேயே அறைய வேண்டும் போலவும் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது.

ஆபரேஷனுக்கு முன்னால் நோயாளியின் குரலைப் பதிவுசெய்து வைத்துக்கொள்ள எங்களிடம் ஒரு பிரிவு உண்டு. அதைப் பார்ப்பவரைப் பேச்சு டீச்சர் என்பார்கள். பொறுமையான அம்மா. பல மணி நேரம் வாசிக்க வைத்துப் பதிவுசெய்வார். பிறகு அதைக் கொண்டு ஓர் இயந்திரக் குரல் செய்வார். நோயாளி டேப்லெட்டில் எதை அடித்தாலும் அது அவரவர் குரலிலேயே பேசும். மற்றவர்களுக்கு அது ஒரு வசதி. அக்காவுக்கு அது ஒன்றுதான் வழி. எழுதிக் காட்டினால் படிக்க மாமாவுக்குக் கண் இல்லை, சைகை செய்தாலும் தெரியாது. அந்தக் குரல் இல்லையென்றால் ஒரே வீட்டுக்குள் இருந்துகொண்டு அவர் பெண்டாட்டி அவருக்கு இல்லாமல் போவாள்.

பதிவு நடந்தபோது நானும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். "மழை வரும்போல் இருக்கிறது", "கதவைச் சாத்திவிட்டு வாருங்கள்" என்று பக்கம் பக்கமாக வாக்கியங்கள். அக்காவுக்கு அலுத்துவிட்டது.

"டீச்சர், இப்படியெல்லாம் எங்க வீட்ல யாரும் பேசறதில்ல. கதவச் சாத்துன்னா சாத்துவாரு. வாருங்கள்னு சொன்னா யாரோ வந்துட்டாங்கன்னு நினைச்சுக்குவாரு."

"அப்ப நீங்க வீட்ல பேசற மாதிரியே பேசுங்க. அதுவும் வேணும்தான்."

"அவரத் திட்டறதுக்கே ஒரு நாள் ஆகும், பரவால்லியா?"

டீச்சர் சிரித்துவிட்டு அதையும் பதிவுசெய்தார். என்னங்க என்பதை மட்டும் அக்கா எத்தனை விதமாகச் சொன்னாள். கோபத்துக்கு ஒன்று, கெஞ்சலுக்கு ஒன்று, விருந்தாளி முன்னால் ஒன்று, விளக்கை அணைத்த பிறகு ஒன்று. கடைசியில் சொன்னதற்கு டீச்சர் முகம் சிவந்துவிட்டது.

பதிவான எல்லாம் நேராக என் அலமாரிக்கு வந்தது. நோயாளிகள் சம்பந்தப்பட்ட எதையும் யாரும் தங்கள் லேப்டாப்பில் வைத்திருக்கக் கூடாது என்பது அங்கே விதி. அந்த விதியைக் கொண்டுவந்ததும், மீறினவர்களைக் காய்ச்சி எடுத்ததும் நான்தான். டீச்சர் என் பேச்சைத் தட்டாதவர். அவரிடம் மறுநகல் இல்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. காயம் ஆறட்டும், வீட்டுக்குப் போய்த் தேறட்டும், அப்புறம் நிதானமாகக் குரலைச் செய்யலாம் என்றார் டீச்சர். அதுவரை அந்த ஃபைல்களை யாரும் திறக்கவில்லை. இயந்திரம் தன் வேலையைச் செய்தது. அக்கா கட்டிலில் படுத்திருந்த நாட்களில் அவள் குரல் மேல்தட்டிலிருந்து நடுத்தட்டுக்கும், நடுத்தட்டிலிருந்து அடித்தட்டுக்கும் இறங்கியதை என் திரையில் நானே பார்த்தேன். ஒரு பொத்தானை அழுத்தி மேலேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஆஸ்பத்திரித் தலைவர் தன் வீட்டு வீடியோக்களை மேல்தட்டில் வைக்கச் சொன்னபோது முடியாது என்று முகத்துக்கு நேராகச் சொன்னவள் நான். ஊருக்கொரு நியாயம் எனக்கொரு நியாயமா என்று விட்டுவிட்டேன். அதோடு அடித்தட்டு மெதுவானதே தவிரப் பத்திரமானது. அதில் ரெய்டு ஆறு போட்டிருந்தோம். எழுதும்போதே மற்ற டிஸ்குகளில் இருப்பதை வைத்து இரண்டு விதக் கணக்கையும் சேர்த்து எழுதிக்கொள்ளும் ஏற்பாடு அது. இரண்டு டிஸ்க் ஒன்றாகச் செத்தாலும் மிச்சத்தை வைத்துச் செத்ததைத் திரும்ப எழுதிவிடலாம்.

அப்போதுதான் மேலே புது ஸ்கேன் மெஷின் வந்தது. ஒரு ஆளைப் படம் எடுத்தால் பழைய மெஷின் பத்து ஆளை எடுத்த அளவு இடம் கேட்டது. புது டிஸ்க் வேண்டும் என்று ஒரு வருடமாகத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தேன். யார் கேட்டார்கள்? ஒவ்வொரு பிரிவுக்கும் இல்லாத இடத்தை இருப்பதாகக் காட்டி ஓட்டிக்கொண்டிருந்தோம். எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து கேட்டால் குட்டு வெளிப்படும் என்பது எனக்கும் அட்ஜஸ்ட்டுக்கும் தெரியும். வந்து கேட்டார்கள்.

"அடித்தட்டுல ரெண்டு டிஸ்க் அளவு இடம் அந்தக் கணக்குக்கே போகுதில்ல? அதுல ஒண்ணக் குறைச்சுருங்க. ரெய்டு அஞ்சு போதும்" என்றார் அட்ஜஸ்ட்.

"ஒரு டிஸ்க் போனாத் தாங்கும் சார். ரெண்டாவது போச்சுன்னா சங்குதான்."

"ரெண்டு ஒண்ணா போகுமா? அது நமக்கு நடக்காதும்மா. அப்புறம் அந்த மாற்று டிஸ்க் ஒண்ணு சும்மாதானே செருகியிருக்கு, அதையும் சேர்த்துருங்க."

"அது சும்மா இல்ல சார். ஒண்ணு செத்தா உடனே அந்த இடத்துல வேலைக்கு வரத்தான் அது காத்துக்கிட்டிருக்கு."

"நாளைக்குக் காலைல ஸ்கேன் நின்னா மேல நீங்க பதில் சொல்லுவீங்களா? புதுப் பெட்டி வர்ற வரைக்கும்தான். அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்."

வேறு இடத்தில் நகல் எடுப்பதும் அந்த வருடத்து ஸ்கேன்களுக்கும் ரிப்போர்ட்டுகளுக்கும் மட்டும்தான் நடந்தது. மற்றதெல்லாம் புதுப் பெட்டி வந்த பிறகு. என் அக்காவின் குரலும் அந்த அடித்தட்டில்தான் இருக்கிறது என்று நான் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் அதற்காகத்தான் இவள் குதிக்கிறாள் என்பார். அவர் சொன்னதை என் கையால் செய்தேன்.

அக்கா அதற்குள் வீட்டுக்குள் நடமாட ஆரம்பித்திருந்தாள். மாமாவின் உள்ளங்கையில் ஒரு தட்டு என்றால் ஆமாம், இரண்டு என்றால் இல்லை. அவ்வளவுதான் அவர்கள் பேச்சு. "இன்னும் கொஞ்ச நாள்தான், அப்புறம் பாரு, பேசாம விட்டதுக்கும் சேர்த்துப் பேசுவா" என்று மாமா என்னிடம் சொல்வார். எப்போம்மா ரெடியாகும் என்று நான் போகும்போதெல்லாம் கேட்பார். அக்கா அவர் கையைப் பிடித்து ஒரு தட்டு தட்டுவாள்.

ஒரு நாள் காலையில் அறையைத் திறந்தபோது அடித்தட்டில் ஒரு விளக்கு மஞ்சளாக இருந்தது. டிஸ்க் செத்திருந்தது. மாற்று டிஸ்க் இருந்திருந்தால் அதுவே வேலைக்கு வந்திருக்கும். இல்லை. டிஸ்க் கம்பெனி ஆள் புதியதைக் கொண்டுவந்து செருகும்போது மதியம் ஆகிவிட்டது. நரைத்த மீசைக்காரர், பல வருடமாகப் பழக்கம். செருகியதும் அலமாரி வேலையை ஆரம்பித்தது. மிச்சமிருக்கும் ஒவ்வொரு டிஸ்கையும் முதலிலிருந்து கடைசிவரை ஓர் இடம் விடாமல் படித்து, கணக்குப் போட்டு, செத்ததைப் புதியதில் எழுத வேண்டும். அது முடிகிறவரை இன்னொன்று சாகக் கூடாது.

"எல்லாம் ஒரே நாள்ல வாங்கினதும்மா" என்றார் மீசைக்காரர். "ஒரே வயசு. ஒண்ணு போச்சுன்னா மத்ததுக்கும் நாள் நெருங்கிருச்சுன்னு அர்த்தம். இது முடியற வரைக்கும் யாரும் அதத் தொந்தரவு பண்ணாம பார்த்துக்குங்க. படிக்கிற வேலையே அதுக்குப் பெரிய பாரம்."

அட்ஜஸ்ட்டிடம் ஓடினேன். அடித்தட்டை எல்லோருக்கும் பூட்டிவிடலாம் சார் என்றேன். ஆஸ்பத்திரி நின்றுவிட்டதாகத் தெரிந்தால் அசிங்கம், வாயால் சொன்னால் போதும் என்றார். ஒவ்வொரு பிரிவாகப் போய் வாயால் சொன்னேன். பழைய ஃபைல் எதையும் நாளைவரை திறக்காதீர்கள், யாரும் எதையும் நகல் எடுக்காதீர்கள், ஆளுக்கொன்றாக இழுத்தால் எல்லாருடையதும் போகும்.

ஸ்கேன் டாக்டர் மட்டும் மல்லுக்கு நின்றார். அவருக்கு அடுத்த வாரம் ஒரு மாநாட்டில் பேச்சாம், அதற்காகச் சேர்த்து வைத்த அபூர்வப் படங்கள் அடித்தட்டில் இருக்கின்றனவாம்.

"அத மட்டும் எடுத்துக்கறேனேம்மா. ஆபத்துக்குப் பாவமில்ல."

"உங்க மாநாடு ஆபத்தா டாக்டர்? உள்ள நூறு பேரோட சமாச்சாரம் இருக்கு. நீங்க எடுத்தா அவங்களும் எடுக்கணும்பாங்க. யாரா இருந்தாலும் கிடையாது."

அவர் முகம் கறுத்துப் போனது. நான் பெரிய நியாயவாதி மாதிரி படியிறங்கி வந்தேன்.

என் அறைக்குள் நுழைகிறேன், டெலிபோன். பேச்சு டீச்சர்.

"உங்க அக்காவோடது அங்கதானே இருக்கு?" என்றார். "சின்ன ஃபோல்டர்தானேம்மா. இப்பவே எடுத்து வெளில வச்சுருவோமா?"

என் கை விசைப்பலகை மேல் இருந்தது. எடுக்கக் கால்மணி நேரம்கூட ஆகாது. மீசைக்காரர் நான் பேசுவதைக் கேட்டுவிட்டார். எழுந்து ஜன்னலே இல்லாத சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். "எடுத்துக்கங்கம்மா. நான் எதையும் பார்க்கல" என்றார்.

அடித்தட்டில் குரலை வைத்திருந்தது அக்கா மட்டும் இல்லை. ஒரு பஸ் டிரைவர் இருந்தார். நீதிமன்றத்தில் பேசியே வாழ்ந்த ஒரு வக்கீலம்மா இருந்தார். பள்ளிக்கூடத்தில் பாட்டுச் சொல்லித்தந்த ஒருவர் இருந்தார். அவர்களுக்கு இந்த அறையில் தங்கச்சி யாரும் இல்லை. என்னுடையதை மட்டும் எடுத்து, அந்தப் பாரத்தில் டிஸ்க் விழுந்து, அவர்களுடையது போனால்? இப்போதுதானே ஒரு டாக்டரை நாலு பேர் முன்னால் வைத்துக் கேட்டுவிட்டு வந்தேன்? வேண்டாம் டீச்சர், ஓடி முடியட்டும், எல்லாருடையதும் பிழைக்கும் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மறுநாள் நானும் மீசைக்காரரும் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். முக்கால்வாசிக்கு மேல் முடிந்திருந்தது. அவர் டீ வாங்கிவரப் போனார். அவர் திரும்பி வருவதற்குள் இன்னொரு விளக்கு மஞ்சளானது. பட்ட காலிலேயே படும் என்பார்கள். மற்ற டிஸ்குகள் எல்லாம் பச்சையாகத்தான் இருந்தன. ஆனால் ரெண்டு போய்விட்டால் மிச்சம் எத்தனை இருந்தும் கணக்கு நிற்காது. திரையில் அடித்தட்டு என்றொரு தட்டே இல்லை. மீசைக்காரர் இரண்டு கையிலும் டீயோடு வாசலிலேயே நின்றுவிட்டார்.

செத்த டிஸ்குகளை மீட்டுத்தரும் ஆட்களுக்கு அனுப்பினோம். துண்டு துண்டாக ஏதோ வந்தது, ஒன்றும் திறக்கவில்லை. மேலிடத்துக்கு விஷயம் போனது. கேட்டால் நம்ப மாட்டீர்கள், ஒரு வருடம் வராத புதுப் பெட்டி ஒரே வாரத்தில் வந்து இறங்கியது. அட்ஜஸ்ட் பக்கத்தில் நின்று, "பார்த்தீங்களா, நான்தான் சொன்னேனே வரும்னு" என்றார். அவரை எதுவும் செய்யாமல் விட்டேனே, அதற்காக எனக்கு யாராவது மெடல் தர வேண்டும்.

அந்த வாரம்தான் ஸ்கேன் டாக்டர் லிஃப்டில் என்னைப் பார்த்தார். கோபமெல்லாம் போய் முகம் மலர்ந்திருந்தது.

"நீங்க கோச்சுக்கக் கூடாது. அன்னைக்கு நீங்க போனதும் என் படத்தையெல்லாம் எடுத்துட்டேன். நல்லவேளை. இல்லன்னா என் கதி என்ன?"

எவ்வளவு எடுத்தீர்கள் என்று கேட்டேன். சொன்னார். அக்காவுடையதைப்போல் நூறு மடங்கு. அவர் இழுத்த பாரத்தில்தான் டிஸ்க் போனதா என்று மீசைக்காரரைக் கேட்டேன். "அத யாரும் சொல்ல முடியாதும்மா. அது எப்படியும் போயிருக்கலாம்" என்றார். யாரும் சொல்ல முடியாதாம். ஒன்று மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும். என் பேச்சைக் கேட்காதவருடையது பிழைத்தது, கேட்டவர்களுடையது போனது. என் பேச்சை எல்லாரையும்விட ஒழுங்காகக் கேட்டவள் நான்.

அக்காவிடம் சொல்ல வேண்டியிருந்தது. மாமா வேலைக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்துப் போனேன். சமையலறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன், டீச்சர் போன் செய்ததையும், நான் வேண்டாம் என்றதையும், டாக்டர் எடுத்ததையும். மறைக்கத் தோன்றவில்லை.

அக்கா என்னைத் திட்டினாள். வாய் திறந்தது, உதடு அசைந்தது, கழுத்து நரம்பு புடைத்தது, கை என் முகத்துக்கு நேராக வீசியது. சத்தம் வரவில்லை. கழுத்துத் துளையிலிருந்து காற்று மட்டும் உஸ் உஸ் என்று வந்தது. அவள் நிறுத்தவே இல்லை. எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. திட்டுக்கா, நல்லாத் திட்டு என்று நான் அழுதேன். மூச்சு வாங்கி, நின்று, பக்கத்தில் இருந்த டேப்லெட்டை எடுத்து ஏதோ அடித்தாள். அதில் கம்பெனி வைத்தனுப்பிய குரல் ஒன்று இருந்தது. ரயில் தாமதமாக வரும் என்று சொல்வார்களே, அதேமாதிரி சுத்தமான, மரியாதையான குரல்.

"தனக்கு மிஞ்சித்தான் தானமும் தர்மமும்" என்றது அது.

சின்ன வயதிலிருந்து அக்கா என் தலையில் குட்டிக் குட்டிச் சொல்லும் வாசகம். வேறு யாரோ ஒரு பெண்மணி எங்கள் சமையலறையில் உட்கார்ந்து அதை அறிவித்தாள். அக்கா டேப்லெட்டைத் துணிகளுக்கு அடியில் தள்ளினாள்.

டீச்சர் விடவில்லை. எங்கள் போன்களில் அக்கா எப்போதோ அனுப்பியிருந்த ஒன்றிரண்டு குரல் செய்திகளைத் தேடி எடுத்தோம். கடை இரைச்சலுக்கு நடுவே, பால் வாங்கிட்டு வா, போனை எடுடி என்று அரைகுறையாகச் சில. அதை வைத்து ஏதோ செய்து கொண்டுவந்து மாமாவுக்குப் போட்டுக் காட்டினார். மாமா ஒரு நிமிடம்கூடக் கேட்கவில்லை. "யாரோ இவள மாதிரி பேசிக் காட்டறாங்க. நிறுத்தச் சொல்லுங்க" என்றார். எப்போம்மா ரெடியாகும் என்று அதற்குப் பிறகு அவர் என்னைக் கேட்கவில்லை.

வேறு வழி? ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா டேப்லெட்டைத் தூசி தட்டி எடுத்தாள். மாமா நாற்காலியில் காலை நீட்டிச் சாய்ந்து ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். அக்கா எதிரே உட்கார்ந்து ரேடியோவை அணைத்தாள். ஒரே ஒரு வார்த்தை அடித்தாள்.

"என்னங்க" என்றது ரயில்காரி.

மாமா சட்டென்று காலை மடக்கிக்கொண்டார். நிமிர்ந்து உட்கார்ந்து சட்டைப் பொத்தானைத் தடவிச் சரிசெய்தார். முப்பது வருடம் டெலிபோனில் முகம் தெரியாதவர்களோடு பேசிய மனுஷன்.

"சொல்லுங்க" என்றார்.

அக்காவின் விரல் நின்றுவிட்டது. பிறகு மெதுவாக அடித்தாள்.

"நான்தான்" என்றது அது.

"தெரியுது. தெரியுதும்மா." அவர் கை காற்றில் துழாவியது. அக்கா அதைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கையைத் தடவித் தடவிப் பார்த்தார். அவள்தான் என்று அவருக்குத் தெரிந்துதான் இருந்தது. "ஏய் வா..." என்று ஆரம்பித்தார். உதட்டைக் கடித்துக்கொண்டார். மறுபடியும் ஆரம்பித்தார், அதற்கு மேல் வரவில்லை. "மன்னிச்சுக்குங்க" என்றார் டேப்லெட் இருந்த பக்கம் பார்த்து. "பழகிரும். சொல்லுங்க."

பழகவில்லை. மாசக்கணக்கில் ஆகிவிட்டது, இன்றுவரை பழகவில்லை. ராத்திரி அவள் பேசாமல் பக்கத்தில் இருக்கும்போது வாயாடி என்று தூக்கத்தில் முனகுகிறாராம், அக்கா எனக்கு எழுதிக் காட்டினாள். விழித்திருக்கும்போது அந்தக் குரலை அவரால் ஒருமையில் அழைக்க முடியவில்லை. நேற்று நான் போயிருந்தேன். மாமாவுக்கு விக்கல் எடுத்தது. வழக்கமாக வருகிற அதட்டலுக்கு என் காது தன்னால் காத்திருந்தது. அவர் விக்கலை அடக்கிக்கொண்டு, நாற்காலியில் நேராக உட்கார்ந்து, என் அக்காவிடம் கேட்டார்.

"சிரமம் இல்லன்னா, கொஞ்சம் தண்ணி தர்றீங்களா?"